ஒருமனம் என்றால் ஒரே ஓட்டா?

தேர்தல் வந்தாலும் சரி, போராட்டம் வந்தாலும் சரி, தூத்துக்குடிப் பக்கம் கிறிஸ்தவர்கள் மத்தியில் ஒரு வசனம் தவறாமல் கிளம்பிவிடும். "கோயிலுக்குள்ள அரசியல் பேசாதீங்கய்யா, ஒற்றுமை கெட்டுப்போகும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிட அபத்தமான அறிவுரையை நான் கேட்டதில்லை. (திட்ட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.)

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அப்பா பக்கம் ஆர்.சி., அம்மா பக்கம் சி.எஸ்.ஐ. பெரியப்பாவுக்கு மீன் ஏலத் தொழில். மாமா மகன், அதாவது எங்கள் அத்தான், ஸ்டெர்லைட் தாமிர ஆலையை நம்பி ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். 2018 மே 22, போராட்டத்தின் 100-வது நாள். பனிமய மாதா கோயில் பக்கமிருந்து கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிய கூட்டத்தில் பெரியப்பாவும் போனார். போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்துப்போனது உலகத்துக்கே தெரியும். ஆலை மூடியதில் அத்தானுக்கு வேலை போனது. அது உலகத்துக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

அப்புறம் வீட்டில் சண்டை. "பிள்ளைகளைச் சுட்டுப் போட்டிருக்கான், உனக்குச் சம்பளம் பெருசா?" என்றார் பெரியப்பா. "எங்க வீட்டு அடுப்புக்கு யாரு ஊர்வலம் போனா?" என்றார் அத்தான். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டுக்கும் ஏதாவது பதில் கிடைத்திருக்கலாம். நடந்தது வேறு. ஊழியம் செய்கிற ஒருவர் வந்து ஜெபம் பண்ணி, "இனிமே இந்தப் பேச்சே இந்த வீட்ல வேண்டாம், ஒருமனமா இருங்க" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னோம். பேச்சு நின்றது. அத்தான் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. ஒரு வருஷம் முகம் பார்க்கவில்லை. ஒற்றுமை ரொம்ப அருமையாகக் காப்பாற்றப்பட்டது!

இதில் கூத்து என்னவென்றால், 2019 தேர்தலுக்கு முன்னால் அதே ஆள் வந்து யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று ஜெபத்திலேயே சொல்லிவிட்டுப் போனார். ஆக, "அரசியல் பேசாதே" என்பதற்கு அகராதியில் என்ன அர்த்தம்? "நீ பேசாதே, நான் பேசுகிறேன்." அவ்வளவுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்தக் கடற்கரையில் விசுவாசம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று எப்போது இருந்தது? 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய தகராறு. பரதவர் தரப்பினர் கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது. சவேரியார் இங்கே கால் வைத்தது 1542-ல்தான். முதலில் அரசியல், பிறகுதான் ஞானோபதேசம்! 1658-ல் டச்சுக்காரன் ஊரைப் பிடித்தான். அவன் புராட்டஸ்டண்ட். முத்துக்குளிப்பு அவன் கைக்குப் போனது, ஆட்சி அவன் கைக்குப் போனது, ஆனால் சனங்கள் கத்தோலிக்கராகவே இருந்தார்கள். ராஜாவுக்குத் தலையாட்டுவது வேறு, கோயில் வேறு என்று படிக்காத சனத்துக்கே தெரிந்திருந்தது.

இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்ம மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1930-களில் பெரிய அரசியல் சண்டை ஒன்று நடந்தது. கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டுப்போட்டுக் கிறிஸ்தவப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு வேண்டுமா, வேண்டாமா? 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் நீதிக் கட்சிக்காரரும் கத்தோலிக்கருமான ஏ.டி.பன்னீர்செல்வம் வேண்டும் என்றார். அதே மாநாட்டில் எஸ்.கே.தத்தா வேண்டாம் என்றார். இருவருமே இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பாகப் போனவர்கள்! அடுத்த வருஷம் வெள்ளைக்காரன் அதைக் கொடுத்தபோது அசரியா எதிர்த்தார். சபை ஒரு ஓட்டு வங்கியாகிவிடும், ஞானஸ்நானம் கொடுப்பதே தலை எண்ணுகிற வேலையாகத் தெரியும் என்பது அவர் வாதம். பன்னீர்செல்வம் தரப்பின் பயமும் பொய்யில்லை. சிறுபான்மைக்காரனுக்கு யார் சீட் கொடுப்பார்கள்? (எனக்கு அசரியா சொன்னதுதான் சரி என்று படுகிறது. உங்களுக்குப் படாவிட்டால் பரவாயில்லை, அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்கிறேன்.)

இதே அசரியாதான் 1919-ல் தரங்கம்பாடியில் சபைகள் ஒன்றாகவேண்டும் என்ற அறிக்கைக்குப் பின்னால் நின்றவர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது 1947 செப்டம்பர் 27-ல். நடுவில் 28 வருஷம்! பேராயர் என்று ஒருவர் வேண்டுமா, பேராயர் தலையில் கை வைக்காத ஆயரை ஆயர் என்று ஒப்புக்கொள்வதா என்று கமிட்டி கமிட்டியாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். யாரும் "பேசாதே, ஒற்றுமை கெடும்" என்று வாயைப் பொத்தியிருந்தால் இன்றைக்கும் தனித்தனிச் சபையாகத்தான் இருந்திருக்கும். பாவம், அசரியா பார்க்கவில்லை, 1945-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேசாத ஒற்றுமை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? வடக்கன்குளம். ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவில் சாதிக்கு ஒரு சுவர். அந்தச் சுவரை 1910-ல் இடித்தார்கள். இடித்தது தப்பு என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் கிறிஸ்தவர்கள்தான். கேஸ் தோற்றது என்பது வேறு விஷயம். சுவர் இருந்தவரை அங்கே "அமைதி" இருந்தது என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். இடித்தவர்கள்தான் ஒற்றுமையைக் கெடுத்தார்களாம்!

நான் கேட்பது ஒன்றுதான். நீ எந்தக் கட்சி என்பதை வைத்து உன் விசுவாசத்தை அளக்காதே என்று பிரசங்கம் பண்ணுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். கருத்தே இல்லாதது மாதிரி நடி என்று சொல்லாதீர்கள். மேலே இருக்கிறவனுக்கு அது சௌகரியம், வேலை போனவனுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கும் என்ன சௌகரியம்?

பெரியப்பாவும் அத்தானும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்பீர்கள். சேரவில்லை. ஆச்சிதான் ஒரு ஆகஸ்ட் 5, மாதா திருவிழா அன்று இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, "ஏல, சண்டை போடணும்னா இங்க போடுங்க, சாப்பிட்டுக்கிட்டே போடுங்க" என்றாள். போட்டார்கள். மூன்று மணி நேரம். பெரியப்பா முதல்முறையாக அத்தானிடம், "மாசம் எவ்வளவுடா வாங்கிக்கிட்டு இருந்த?" என்று கேட்டார். அத்தான் சொன்னார். பெரியப்பா கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார். ஆலை மூடியது சரி என்பதில் அவர் இன்றுவரை மாறவில்லை. அத்தானும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்ட் 5-க்கும் அத்தான் பிள்ளையோடு வருகிறார், சாம்பார் வாளி வருவதற்குள் சத்தம் ஆரம்பித்துவிடும்.