சைக்கிளுக்கு நாலடி விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?

"கோவா வரைக்கும் கார்லயே போய் கொங்கணைப் பாத்துட்டோம்"னு மும்பைத் தமிழ் மக்கள் அளக்கறாங்க. 66ஆம் நம்பர் ஹைவே மகாராஷ்டிராவுல பெரும்பாலும் உள்ளாறவே ஓடுது சாமிகளா, கடலை எங்க பாத்தீங்க?

சைக்கிள் ரூட் வேற. அலிபாக், முருட் தாண்டி அகர்தாண்டாவுல வண்டியைப் படகுல ஏத்தினா எதிர்க்கரை திகி. அப்புறம் ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர். பாக்மண்டலாவுல இன்னொரு படகு, தாபோல்ல மூணாவது. நடுவுல வர்ற ஏத்தத்துல பாதி நான் தள்ளிக்கிட்டுதான் போனேன் (வீட்ல சொல்லிடாதீங்க).

ரேவஸ்–ரெட்டி கடற்கரைச் சாலைத் திட்டத்துல இந்தக் கழிமுகங்களுக்குப் பாலம் வருது. வரட்டும். நடுராத்திரி பிரசவ வலிக்குப் படகு ஏது? ஆனா சைக்கிளுக்கு நாலடி ஓரம் விடணும்னு சொன்னா, "கார் வாங்கக் காசில்லையா"ன்னு சிரிக்கறது நம்மாளுங்கதான். அந்தப் பக்கம் ஸ்கூலுக்குப் போற பொண்ணுங்களும் சைக்கிள்லதான் போகுதுங்க. பாலத்துல லாரி வந்தா அதுங்க எங்கய்யா ஒதுங்கும்?