வயலின் உயரத்தை வடிகாலிலிருந்து அளக்க வேண்டும்: டெல்டா வெள்ள வரைபடம் குறித்து எங்கள் நிலைப்பாடு

தரைமட்டத்தை மட்டும் வைத்து எந்த ஊர் மூழ்கும் என்று கணிக்கும் எளிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வயலும் தன் நீர் போய்ச் சேரும் ஆற்றைவிட எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்று அது பார்க்கும். ஆறு இரண்டு மீட்டர் ஏறினால் அதற்குக் கீழுள்ளதெல்லாம் படத்தில் நீலமாகிவிடும். அமேசான் காட்டு நிலத்துக்காக உருவாகி 2008-ல் வெளிவந்த முறை இது. செலவு குறைவு என்பதால் அமெரிக்கா வரை பரவிவிட்டது. காவிரி டெல்டாவுக்கும் இது பயன்படும் என்றே எங்கள் அமைப்பு கருதுகிறது. ஆனால் இப்போதுள்ள வடிவில் வேண்டாம்.

அந்த முறைக்குத் தெரிந்த ஆறுகள் ஒன்றோடொன்று சேர்பவை. இங்கே பிரிகின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிய, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்றாகி, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைக்கின்றன. அவற்றில் பல வயலைவிட மேட்டில் ஓடுகின்றன. மேட்டில் ஓடுவதால்தானே மதகைத் திறந்ததும் பாய்கிறது! வயலில் தேங்கிய மழைநீர் அந்த ஆற்றுக்குத் திரும்ப ஏறாது. வடிவாய்க்கால் வழியேதான் போகும். ஆகவே வயலின் உயரத்தை வடிகாலிலிருந்து அளக்க வேண்டும். ஆறே வடிகாலாகவும் இருக்கும் கீழ்ப்பகுதிகளில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நிஷா புயலின்போது, 2008 நவம்பரில், ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 செ.மீ.க்கு மேல் கொட்டியது; 2022 நவம்பரில் சீர்காழியில் 44 செ.மீ. இப்படிப்பட்ட மழையில் கரை உடையாமலே பயிர் அழுகும். ஆகாயத்தாமரை அடைத்த வடிகால், சாலைக்கடியில் குறுகிய கல்வெர்ட், முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்கும் கடல், இவை எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. அதற்குப் பல இடங்களில் அடிப்படையாக இருக்கும் இலவச உயர அளவுகளோ 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்தவை. அவற்றில் சில மீட்டர் பிழை சாதாரணம். தென்னந்தோப்பின் தலையைத் தரை என்று எண்ணிக்கொள்ளும். ஓரடி நீரில் இளம் சம்பா மூழ்கிவிடும் ஊருக்கு இது போதாது.

எனவே வடிவாய்க்கால்களின் அடிமட்டம், கரை உயரம், மதகு, கல்வெர்ட் அளவுகளை நீர்வளத் துறை அளந்து பொதுவில் வைக்க வேண்டும். தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைப் பகுதிகளில் தொடங்கட்டும். லேசர் கொண்டு தரை உயரத்தை அளக்கும் லைடார் அளவை அங்கேதான் முதலில் தேவை. கணிப்பைச் செயற்கைக்கோள் ராடார் படத்தோடு ஒப்பிடுவோர், நடவு வயலில் நிற்கும் நீரை வெள்ளமென்று எண்ணிவிடக் கூடாது. பயிரின் உயரமும் நீர் நின்ற நாள்களும் சேர்ந்தால்தான் வெள்ளக் கணிப்பு சேதக் கணக்காகும்.

இத்தனையும் நடக்கும்வரை, இந்த வரைபடத்தைக் காட்டி எவருக்கும் நிவாரணம் மறுக்கப்படுவதை ஏற்க மாட்டோம். இடுபொருள் நிவாரணம் பெறக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய 33 விழுக்காட்டுச் சேதத்தை அலுவலர்கள் வயலில் இறங்கியே கணக்கெடுக்க வேண்டும்.