நிலைப்பெயர்களில் நிலைகுலைவதா?

ஒரு மக்களினம் உரிமையுணர்வோடு வாழ்கின்றதா, அடிமையுணர்வில் அமிழ்ந்து கிடக்கின்றதா என்பதை அறிய, அதன் பாட்டையும் உரையையும் துருவிப் பார்க்க வேண்டுவதில்லை. மேல் கீழ் என்னும் நிலைகளை அது எம்மொழியாற் குறிக்கின்றது என்று பார்த்தாலே போதும். சோறும் நீரும், வயலும் வரப்பும் தாய்மொழியிலேயே நின்றுவிடும். பட்டமும் பணிநிலையும், தேர்ச்சியும் தகுதியுமே ஆள்பவன் மொழிக்குத் தாவிவிடும். இன்றைய தமிழன் நாவில் அங்ஙனம் வந்தேறி அமர்ந்திருப்பவையே 'இலெவல்', 'கிரேடு', 'இராங்கு', 'டிகிரி', 'சுடேசு' முதலான சொற்கள்.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லையா? 'இலெவல்' என்னும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அணையில் நீர் 'இலெவல்' என்கின்றனர், அது நீர்மட்டம். குருதியிற் சருக்கரை 'இலெவல்' என்கின்றனர், அது அளவு. மாணவனின் கல்வி 'இலெவல்' என்பது தரம். அடுக்குமாடியின் மூன்றாம் 'இலெவல்' என்பது தளம். அமைச்சர் 'இலெவல்' பேச்சு என்பதில் அது நிலை. 'அவர் இலெவலே வேறு' என்பதில் அது தகுதி. மட்டம், அளவு, தரம், தளம், நிலை, தகுதி என ஆறு பொருளை ஆறு சொல்லாற் பிரித்தறிந்த தமிழன், ஆறையும் ஓர் அயற்சொல்லின் வாயிற் போட்டுவிட்டு, தன் மொழி வளர்ந்துவிட்டதாக எண்ணி மகிழ்கின்றான். கடன் வாங்கியவன் வீட்டிற் பொருள் பெருகக் காணோம், இருந்ததே பறிபோயிற்று!

'டிகிரி'யின் கதையும் இதுவே. பல்கலைக்கழகம் தருவது பட்டம். கோணத்தை அளப்பது பாகை. இரண்டையும் 'டிகிரி' என்று ஒன்றாக்கியதோடு நில்லாமல், காலையிற் குடிக்குங் குளம்பிக்கும் 'டிகிரி' சூட்டிவிட்டோம்.

படிநிலைகளைக் கூர்ந்து கண்டு பெயரிடுவதில் தமிழுக்கு ஈடாகச் சொல்லத்தக்க மொழிகள் சிலவே. ஒரு பூவின் வளர்ச்சியை அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனக் கண்டவர் நம் முன்னோர். இலையைக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனப் பகுத்தனர். மாம்பிஞ்சுக்கு வடு என்றும், பலாப்பிஞ்சுக்கு மூசு என்றும், தென்னம்பிஞ்சுக்குக் குரும்பை என்றும் தனித்தனிப் பெயர் வைத்தனர். பெண்ணின் அகவைநிலைகளைப் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழாக்கினர். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினர். இவர்தம் வழிவந்தோர், தம் குழந்தையைப் பள்ளியிற் சேர்த்ததும் 'எல்.கே.சி.' என்கின்றனர். குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் செருமானியச் சொல்லை ஆங்கிலன் எடுத்தாள, அதனை எழுத்துகளாகச் சுருக்கி நாம் எடுத்தாள்கின்றோம். மழலையர் வகுப்பு என்று சொல்ல நாக்கூசுகின்றது போலும்!

ஆட்சிநிலைகளுக்கும் நம்மிடம் சொல் இருந்தது. ஏனாதி, காவிதி, எட்டி என்பன பண்டை வேந்தர் தகுதியறிந்து வழங்கிய சிறப்புப் பெயர்கள். சோழர் கல்வெட்டுகளில் அரசுப் பணியாளர் பெருந்தரம், சிறுதரம் எனக் குறிக்கப்பெறுகின்றனர். இக்கால் 'கிரேடு' என்பது எதுவோ அதுவே அத் 'தரம்'. ஊர்க்கணக்கில் நிலத்தின் மண்ணுக்குத் தரம் எழுதும் வழக்கும் நம்மிடையே உண்டு. மண்ணுக்குத் தரம் சொல்லும் தமிழ், மாந்தனுக்குத் தரம் சொல்லப் போதாதா?

இதனைச் சொல்லாராய்ச்சி பற்றிய வீண் பூசல் என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்வோம். புற்றுநோயை மருத்துவர் நான்கு நிலைகளாகப் பகுப்பர். நோயுற்ற தாயை அழைத்துவந்த உழவனிடம் 'மூன்றாவது சுடேசு' என்கின்றனர். 'சுடேசு' என்றால் அவன் அறிந்தது கூத்து மேடை. மூன்றாவது என்பது முற்றிய நிலையா, தொடக்கமா, இன்னும் எத்தனை உள என்று கேட்கவும் அவனுக்கு வாய் எழாது; தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்புவான். 'நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை' என்று சொல்லியிருப்பின், தன் தாயின் நிலை அவனுக்கு விளங்கியிருக்கும். தெரிந்துகொள்ளும் உரிமையைச் சொல்லே பறித்துக்கொள்ளும் கொடுமை இது.

இனி, காவல்துறையைப் பாருங்கள். காவலர், தலைமைக் காவலர், உதவி ஆய்வாளர், ஆய்வாளர், கண்காணிப்பாளர் என நல்ல தமிழ்ப்பெயர்கள் அரசு ஏடுகளில் உள்ளன. வழக்கிலோ 'கான்சுடபிள்', 'எசு.ஐ.', 'இன்சுபெக்டர்', 'எசு.பி.'! தலை என்று பொருள்படும் 'எட்' என்னும் ஆங்கிலச்சொல், நம் ஊர்களில் 'ஏட்டு' ஆகி, 'ஏட்டையா' என மதிப்பும் பெற்றுவிட்டது. தமிழில் ஆய்வாளர் என்றழைத்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்னும் அச்சம் அழைப்பவனுக்கும் உண்டு, அழைக்கப்படுபவருக்கும் உண்டு. பொருள்களிடையே உள்ள வேறுபாட்டை அழிக்கும் இவ்வயற்சொற்கள், மாந்தரிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் உயர்த்திப் பிடிக்கின்றன. புரியாமையே பெருமையாகிவிட்ட இடத்தில் உரிமை தழைக்காது.

மாற்ற முடியுமா என்று ஐயுறுவோர் அண்மை வரலாற்றைப் பார்க்க. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் முழக்கத்தைத் தொடங்கிய காலத்தில் கூட்டத் தலைவரை 'அக்கிராசனர்' என்றனர். செயலாளரைக் 'காரியதரிசி' என்றனர். உறுப்பினர் 'அங்கத்தினர்' எனப்பட்டார். தேர்தலில் நிற்பவர் 'அபேட்சகர்' எனப்பட்டார். இவை யாவும் நிலைப்பெயர்களே. நாடோறும் எழுதியும் பேசியும் மேடையிலும் துண்டறிக்கையிலும் வழங்கியும் அவற்றை நம் முன்னோர் வீழ்த்தினர். அன்று வடமொழியை வென்ற வழியே இன்று ஆங்கிலத்தையும் வெல்லும் வழி. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் போன்ற பெயர்கள் எழுத்தில் நிலைபெற்றுவிட்டன. அவற்றை நாவில் நிலைபெறுத்துவது சட்டத்தின் வேலையன்று, நம் வேலை.

நம்மவர் குறைகளையும் மறைப்பதற்கில்லை. தமிழ்காக்கும் கூட்டத்திற்கு அடிக்கும் அழைப்பிதழிலேயே முனைவர் என்பதை விடுத்து 'டாக்டர்' என்று அச்சிடுவோர் நம்மிடையே உளர். ஒரு பொருளுக்கு ஆளுக்கொரு சொல் புனைந்து, எதனையும் வழக்கிற் கொணராது, எவர் சொல் சிறந்ததென்று வழக்காடுவோரும் உளர். இளங்கலை, முதுகலை என்னும் இனிய சொற்கள் கையிலிருக்க, 'பி.ஏ.', 'எம்.ஏ.' என்று பெயருக்குப் பின்னே வால் கட்டிக்கொள்வதை முதலில் நாம் விடவேண்டும்.

தமிழன்பர்களே! புதுச்சொல் படைக்குமாறு உங்களை வேண்டவில்லை. நீர்க்கு மட்டம், கல்விக்குத் தரம், நோய்க்கு நிலை, கட்டடத்திற்குத் தளம், வேலைக்குக் கட்டம், வளர்ச்சிக்குப் படி, மாந்தனுக்குத் தகுதி என இருக்குஞ் சொற்களை இருக்கும் இடத்தில் வழங்குங்கள். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் கல்விக்கூடத்திலும் அஞ்சாது, நாணாது வழங்குங்கள். தன் ஏணியின் படிகளுக்கும் அயலான் பெயரிட விடுபவன், அந்த ஏணியில் எத்துணை உயர ஏறினும் அயலானுக்குக் கீழேயே நிற்பான்.