தோழியின் சேலைக்கு யார் பணம் கொடுப்பது?

கடந்த மாதம் வெள்ளவத்தையில் நடைபெற்ற உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மணமகள் ரொறன்ரோவில் வசிப்பவர். மணவறைக்கு அருகே ஐந்து தோழியர் ஒரே நிறச் சேலை, ஒரே வகைச் சட்டை, ஒரே வகை நகையுடன் நின்றனர். ஆறாவது தோழி வரவில்லை. மணமகள் கனடாவுக்குப் போகும்வரை அவருடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவள் அவள். இன்று வவுனியாவில் ஆசிரியை. "பாடசாலையில் லீவு கிடைக்கவில்லை" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

அது பொய். எனக்கு அது முன்பே தெரியும். திருமணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் அவளது தாயார் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "பிள்ளைக்கு மனமில்லாமல் இல்லை அண்ணை, காசுதான் இல்லை." பெயரைக் குறிப்பிடாமல் எழுதுவதானால் எழுதுங்கள் என்று இப்போது அனுமதியும் தந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். மணமகள் ரொறன்ரோவில் இருந்தவாறே சேலையைத் தெரிவு செய்து, வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, எல்லோரும் இதையே வாங்குங்கள் என்று அறிவித்துவிட்டார். சேலை, தையற்கூலி, நகை, முக அலங்காரம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 65,000 ரூபாய். கனடாவில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ 300 டொலர். வவுனியாவில் இருப்பவளுக்கோ ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது, சுமார் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டே மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. அந்த அடியிலிருந்து இங்குள்ள சம்பளக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. இது வெளிநாட்டில் இருக்கும் நமது பிள்ளைகளுக்குத் தெரியாதா?

நமது வழக்கம் இதுவல்ல. யாழ்ப்பாணத்துத் திருமணத்தில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு கால் கழுவி அழைத்து வருபவர் தோழன். பெரும்பாலும் அவர் மணமகளின் சகோதரன். மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் அணிவிப்பார். அதாவது, பணி செய்பவருக்கு மணவீடு கொடுக்கும், அவரிடமிருந்து வாங்காது. தோழி பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரி. தாலி கட்டும் வேளையில் மணமகளின் அருகில் நின்று உதவுவது அவளது கடமை. அதற்கு ஒருத்தி போதும். ஆறு பேர் தேவையில்லை.

ஆறும் எட்டும் மேற்கிலிருந்து வந்தவை. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்தில் எட்டுத் தோழியர் நின்றனர். வருவதில் குற்றமில்லை. ஆனால் பிரித்தானியாவில் தோழியரின் உடைக்கு மணவீடே பணம் கொடுப்பதுதான் பொதுவான வழக்கம்; தோழியரே கொடுப்பது அமெரிக்க வழக்கம். நாமோ எண்ணிக்கையை ஓரிடத்தில் இரவல் வாங்கி, செலவை மற்றவர் தலையில் போடும் வழியை இன்னோரிடத்தில் இரவல் வாங்கியிருக்கிறோம். நல்ல கெட்டிக்காரர்கள்!

சங்க அகப்பாடல்களை வாசித்தவர்களுக்குத் தோழி யார் என்பது தெரியும். தலைவனைத் தட்டிக் கேட்பவள் அவள். திருமணத்தை விரைவாக முடி என்று வற்புறுத்துபவளும் அவள். வாய் உள்ளவள். இன்றைய தோழிக்கு வாய் கிடையாது. தனக்கு அந்த நிறம் பொருந்துமா, அந்தச் சட்டையின் வெட்டு கூச்சம் தருமா, அந்த விலை தாங்குமா என்று எவரும் அவளைக் கேட்பதில்லை. வீடியோப் படத்துக்குப் பின்னணியாக நின்றால் போதும்.

திருமணம் முடிந்த பின்னர் மணமகளின் தந்தையிடம் விடயத்தைச் சொன்னேன். "அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்களே வாங்கிக் கொடுத்திருப்போமே" என்றார். நல்ல மனிதர், உண்மையாகவே வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனால் ஆறு பேர் பார்க்கும் குழுவில் "என்னிடம் பணம் இல்லை" என்று எந்தப் பெண் எழுதுவாள்? கேட்ட பின் கொடுப்பது தருமம். கேட்கும் நிலைக்கு ஆளாக்காமல் இருப்பதுதான் நட்பு.

எனவே சொல்கிறேன். சேலையைத் தெரிவு செய்பவரே அதற்குப் பணமும் கொடுக்க வேண்டும். அதற்கு வசதியில்லையாயின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள். அவரவர் தம்மிடம் உள்ளதை உடுத்து வரட்டும். பச்சைச் சேலை இல்லாத தமிழ் வீடு எது? கரைகள் வேறுபட்டால் படம் கெட்டுப்போகும் என்கிறீர்களா? அந்தத் திருமணப் படத்தைப் பாருங்கள். கரைகள் அச்சொட்டாக ஒத்திருக்கின்றன. ஒரே வாங்கில் இருந்தவள்தான் இல்லை.

இரண்டு நாட்களுக்கு முன்னரே அறிந்திருந்தும், நல்ல காரியத்தில் சஞ்சலம் வேண்டாம் என்று நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.