ஆடுகளம்: அறுந்த தசைநாணும் அடுத்த ஒப்பந்தமும்

கிரிக்கெட்டும் ஹாக்கியும் இடம்பெறும் இப்பகுதியில் இம்மாதம் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஓர் ஆட்டக்காரரின் குதிகாலும், அதற்கு விலை பேசியவர்களுமே நம் விஷயம்.

அந்நாட்டின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் எந்த அணியுடனும் புதிதாகப் பேசலாம். அவரைச் சுதந்திர ஆட்டக்காரர் என்பர். கையெழுத்தான சம்பளம் பெரும்பாலும் உறுதியானது. காயமுற்று ஓராண்டு படுத்திருந்தாலும் அணி கொடுத்தே தீர வேண்டும். ஆகவே, காயம் கையெழுத்துக்கு முன் நேர்ந்ததா, பின் நேர்ந்ததா என்பதைப் பொறுத்து ஒருவரின் ஆயுட்கால வருமானமே மாறிவிடும்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கெவின் டூரன்ட் 2019 மே மாதத்தில் கெண்டைக்கால் பிடிப்பினால் விலகியிருந்தார். இறுதிச் சுற்றில் டொராண்டோ அணியிடம் தம் அணி மூன்று ஆட்டங்களைத் தோற்று நின்ற நெருக்கடியில், ஜூன் 10ஆம் தேதி மீண்டும் இறங்கினார். பன்னிரண்டு நிமிஷங்கள் ஆடி 11 புள்ளிகள் சேர்த்தார். பிறகு குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். டொராண்டோ ரசிகர்களில் சிலர் அப்போது ஆரவாரம் செய்தனர். அவர்களை அடக்கியவர்கள் அந்நகர அணியின் ஆட்டக்காரர்களே என்பதை மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறோம். அன்றிரவு கோல்டன் ஸ்டேட் அணியின் மேலாளர் பாப் மையர்ஸ், பழி கூற வேண்டுமானால் தம்மைக் கூறுங்கள் என்று கண்கலங்கினார். மூன்று நாட்கள் கழித்து அதே அணியின் கிளே தாம்ஸனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. இருவருடைய ஒப்பந்தங்களும் அம்மாத இறுதியில் பேச்சுக்கு வரவிருந்தன!

டூரன்டுக்கு ஒரு பாதுகாப்பான வழி இருந்தது. தாமே விரும்பினால் அதே அணியில் மேலும் ஓராண்டு, சுமார் 3 கோடியே 15 லட்சம் டாலர் சம்பளத்தில் இருந்து, காலை ஆற்றிக்கொள்ளலாம். அவர் அதை மறுத்தார். புரூக்ளின் நெட்ஸ் அணி, அடுத்த ஆண்டு முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அறிந்தே, நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 16 கோடியே 40 லட்சம் டாலர் தர இசைந்தது. தாம்ஸனுக்கு அவருடைய அணியே ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 19 கோடி அளித்தது.

இவ்வளவு தாராளம் எல்லாருக்கும் கிட்டுவதன்று. 2018 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணியின் டிமார்கஸ் கசின்ஸுக்கும் இதே குதிகால் தசைநாண்தான் அறுந்தது. ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தவர். பெருந்தொகை ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஓராண்டுக்குச் சுமார் 53 லட்சம் டாலருக்கு அவர் இசைய நேர்ந்தது.

காயம் ஒன்று, விலை ஏன் இப்படி வேறுபட்டது? 2018இல் பணம் கையிலிருந்த அணிகள் குறைவு, 2019இல் பல. கசின்ஸ் கனத்த உடலினர். ஓட்டமும் உந்தலும் குறைந்தால் அவர் ஆட்டமே குறையும். டூரன்ட் நெடிய உருவத்தினர். நின்ற இடத்திலிருந்தே பந்தை எறிந்து கூடையில் விழச் செய்யும் வித்தை காலோடு போய்விடாது. இந்தக் கணக்கில் புரூக்ளின் தவறவில்லை என்பதே நம் அபிப்பிராயம். 2020 டிசம்பரில் திரும்பிய டூரன்ட் அப்பருவத்தில் சராசரி 27 புள்ளிகளை நெருங்கினார்.

ஆனால் கோப்பை வேறு வழியாகப் போயிற்று. டூரன்டைக் கொண்டு புரூக்ளின் வென்ற தகுதிச் சுற்றுத் தொடர் ஒன்றே. 2023 பிப்ரவரியில் அவர் ஃபீனிக்ஸ் சென்றார். வெறுங்கையோடு விட மனமில்லாத கோல்டன் ஸ்டேட், அவருக்கு ஈடாக டி'ஏஞ்சலோ ரஸ்ஸலைப் பெற்றது. 2019-20 பருவத்தில் 15 வெற்றிகளே கண்டு கடைநிலைக்கு வந்தது. அப்பருவத்திலேயே ரஸ்ஸலைக் கொடுத்து ஆண்ட்ரூ விக்கின்ஸை வாங்கியது. தாம்ஸனோ, முழங்கால் தேறிய பின் 2020 நவம்பரில் குதிகால் தசைநாணும் அறுந்து, இரண்டு பருவங்களை முழுவதுமாக இழந்தார். அவருக்குச் சம்பளம் தடையின்றி வந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரியில் களத்துக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜூனில் விக்கின்ஸும் அவரும் சேர்ந்த அணி பட்டம் வென்றது.

கசின்ஸுக்கு 2019 ஏப்ரலில் தொடைத் தசை கிழிந்தது. ஆகஸ்டில் முழங்கால் தசைநாரும் அறுந்தது. அதன்பின் ஓராண்டு ஒப்பந்தங்களும், பத்து நாள் ஒப்பந்தங்களுமே அவருக்குக் கிடைத்தன. 2021-22 பருவத்துக்குப் பிறகு அந்தச் சங்கத்தின் எந்த அணிக்கும் அவர் ஆடவில்லை.