வட்டத்தொட்டியும் அஞ்சலட்டையும்
புத்தகத் திருவிழா நடத்தினாலே வாசகர்கள் பெருகிவிடுவார்கள் என்று நம்புகிறோம். நெல்லையில் நடக்கும் திருவிழாவின் மேல் எனக்கு வருத்தமில்லை. பை நிறைய வாங்கிவரும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் வாங்குவது வேறு, வாசித்ததைப் பேச நாலு பேர் வாய்ப்பது வேறு. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டத்துக்கு அந்த நாலு பேர் வாய்த்தார்கள். வக்கீலுக்குப் படித்த மனிதர், கோர்ட்டில் வாதாடியதைவிடக் கம்பனுக்காக வாதாடியதே அதிகம். ஒரு பாட்டை எடுத்தால் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் சுவை கேட்பவருக்குள் இறங்கும்வரை விடமாட்டார். பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி மகராஜனும் அங்கே ஊறித் திளைத்தவர்கள். தமக்கு ஒட்டாத பாடலைக் கம்பன் பாடியதே இல்லை என்று டி.கே.சி. தள்ளிவிடுவார். புலவர்கள் கொதித்தார்கள், நியாயம் அவர்கள் பக்கம்தான் என்பேன். போகட்டும், ஒரு பாட்டுக்காக மல்லுக்கு நிற்க அன்று ஆள் இருந்ததே! பின்னாளில் விமர்சகர் தி.க.சி. கையாண்ட வழி இன்னும் எளிது. எங்கோ ஒரு சிற்றிதழில் முதல் கதை எழுதிய பையனைத் தேடி, சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து அஞ்சலட்டை போகும். சாகித்திய அகாதெமி விருது பெற்ற விமர்சகர் ஒருவர் தன்னைப் படித்திருக்கிறார் என்பதே அவனுக்குப் போதும். 2014இல் அவர் மறைந்தபின் அந்த வேலையை யாரும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே, திருவிழாப் பந்தலைப் பிரித்த மறுவாரமே, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் வாரம் ஒரு மாலை ஓர் அறையை ஒதுக்கட்டும். ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் வந்து உட்காரட்டும். மேடை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம்.