பெயர் தெரிந்து இடப்படும் மதிப்பெண்: நகர்ப்புறவியல் வகுப்பறையும் சாதியும்

நகர்ப்புறச் சமூகவியல், கலைக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் தாள். அதைப் பயிலும் மாணவரிடம் வகுப்புத் தேர்வுகள், எழுத்துக் கட்டுரை, கருத்தரங்க உரை, போதிய வருகைப்பதிவு ஆகியவை கேட்கப்படுகின்றன. பல இடங்களில் கள ஆய்வு அறிக்கையும் சேர்கிறது. தமிழகத்தின் பல பல்கலைக்கழகங்களில் இவற்றுக்கு உள்மதிப்பீடாக 25 மதிப்பெண்ணும், பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கப்படுகின்றன.

இவ்விரண்டுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. பருவத் தேர்வு விடைத்தாளில் எழுதியவரின் பெயர் மறைக்கப்படுகிறது. உள்மதிப்பீட்டில் எதுவும் மறைக்கப்படுவதில்லை. மாணவரின் பெயர், ஊர், பேச்சு வழக்கு, உதவித்தொகைப் பட்டியலில் அவருடைய இடம் அனைத்தையும் அறிந்தவரே மதிப்பெண் இடுகிறார்.

இது வெறும் ஐயம் அன்று. எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையில், செய்முறை மற்றும் வாய்மொழித் தேர்வுகளில் தமக்கு நியாயம் கிடைப்பதில்லை எனப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் கூறியது பதிவாகியுள்ளது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் ஆகிய பொருளியலாளர்கள் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. சிறுவர்களின் விடைத்தாள்களின் முகப்பில் சாதி முதலிய விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினுடையது எனக் குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சராசரியாகக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது.

அந்த ஆய்வின் இரு முடிவுகள் நம் கவனத்துக்குரியவை. முதலாவது, திருத்தலின் தொடக்கத்தில், அதாவது எதற்கு எவ்வளவு என்ற அளவுகோல் ஆசிரியரின் மனத்தில் உறுதிப்படாத நிலையில், பாகுபாடு மிகுந்திருந்தது. அளவுகோல் தெளிவற்றிருக்கும் இடத்தைச் சாதி நிரப்புகிறது. இரண்டாவது, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மதிப்பீட்டாளர்களிடமும் இப்போக்கு காணப்பட்டது. ஆகவே ஆசிரியரின் நல்லெண்ணத்தையோ, அவர் நம்மவர் என்பதையோ மட்டும் நம்பிப் பயனில்லை. மாற வேண்டியது நடைமுறை.

யாருடைய வீடு யாருக்குக் களம்?

நகர்ப்புறவியலில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. சென்னை மாணவர்களுக்குக் களமாகக் காட்டப்படும் இடங்கள் பெரும்பாலும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மீள்குடியமர்வுப் பகுதிகள். நகரின் நடுவே கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அவற்றில் கணிசமானவை தலித் குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று அதே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருநாள் கள ஆய்வாக அமைவது இன்னொருவருக்கு அன்றாட வாழ்வு. ஆனால் ஒருநாள் சென்றுவந்து மேற்கோள்களுடன் ஆங்கிலத்தில் எழுதியது ஆய்வாகவும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் தமிழில் எழுதியது வெறும் அனுபவமாகவும் மதிப்பிடப்பட்டால், அவ்வகுப்பு எதைக் கற்பிக்கிறது?

வருகைப்பதிவும் அத்தகையதே. அதிகாலையில் பேருந்துக்காகக் காத்திருந்து தொலைவிலிருந்து வரும் மாணவர் தாமதத்தால் மதிப்பெண் இழக்கிறார். வெளியேற்றக் கொள்கையின் விளைவைப் பாடமாக நடத்தும் வகுப்பே அவ்விளைவுக்காக அவரைத் தண்டிக்கிறது.

இதற்கு ஒரு வரலாற்று முன்னிகழ்வு உண்டு. டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், பிலடெல்பியாவின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று கறுப்பின மக்களின் வாழ்வை ஆராய்ந்து 1899இல் நூலாக வெளியிட்டார். எர்னஸ்ட் பர்ஜெஸ் தம் வட்ட மண்டலக் கோட்பாட்டை வெளியிட்டது 1925இல். ஆயினும் நகர்ப்புறச் சமூகவியல் சிகாகோவில் தொடங்கியதாகவே பல பாடத்திட்டங்கள் சொல்லிவந்தன. டு பாய்ஸின் ஆய்வை ஏற்பாடு செய்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி வழங்கவில்லை. அவருடைய அறிவு வேண்டப்பட்டது, அறிந்தவர் வேண்டப்படவில்லை.

மாணவர்கள் கேட்க வேண்டியவை

பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள், மதிப்பீட்டில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்து, கல்லூரிகளில் சமவாய்ப்பு மையம் அமைக்கக் கோரின. அதன் அடிப்படையில் பருவத்தின் முதல் வாரத்திலேயே சில கோரிக்கைகளை முன்வைக்கலாம். ஒவ்வொரு பணிக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது எழுத்தில் தரப்பட வேண்டும். கட்டுரைகள் பெயரின்றி, எண்ணிட்டுப் பெறப்பட வேண்டும். பெயரை மறைக்க இயலாத கருத்தரங்க உரையின் பங்கு குறைவாக இருக்க வேண்டும். தமிழில் எழுதுவது குறையாகக் கருதப்படக் கூடாது. கள ஆய்வுக்குக் குடியிருப்போரின் ஒப்புதல் பெறப்பட்டு, அறிக்கை அவர்களிடம் திருப்பியளிக்கப்பட வேண்டும். உள்மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுமுன் மாணவருக்குக் காட்டப்பட்டு, முறையீட்டுக்குக் கால அவகாசம் தரப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ பெரும் செலவோ தேவையில்லை. துறைக் கூட்டத்தின் ஒரு தீர்மானம் போதும். 25 மதிப்பெண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் முதுகலைச் சேர்க்கையும் பரிந்துரைக் கடிதமும், மாணவர் தம்மைத் தாமே எவ்வாறு கருதுகிறார் என்பதும் அதைச் சார்ந்திருக்கின்றன. நகரில் யாருக்கு எங்கே இடம் என்று ஆராயும் வகுப்பு, தன் மதிப்பெண் பட்டியலில் யாருக்கு எந்த இடம் என்பதையும் ஆராயக் கடமைப்பட்டுள்ளது.